வீட்டு மணலில் ரெஸ்டியோ: விதையிலிருந்து வளர்த்த அனுபவம்

2018 பிப்ரவரியில் கேப் டவுன் மாநகராட்சி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று கட்டுப்பாடு போட்டது. குளியல், சமையல், துணி, கழிவறை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேப் டவுனின் புறநகரான பிளம்ஸ்டெட்டில் எங்கள் வீட்டு முன்னால் இருந்த கிக்குயூ புல்தரை அந்தக் கோடையில் காய்ந்து வெளுத்தது. புல் விலகிய இடங்களில் அடியிலிருந்த மணல் வெளியே தெரிந்தது. வெளிறிய சாம்பல் நிறம். அள்ளினால் கையில் ஒட்டாமல் விரலிடுக்கில் வழிந்துவிடும். இந்த ஊர் எழும்பும் முன் இந்த மணலில் என்ன வளர்ந்தது என்று தேடப் போய்த்தான் ரெஸ்டியோ எனக்கு அறிமுகமானது. மழை திரும்பி, கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் புல்தரையை மறுபடி கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

ரெஸ்டியோனேசியே என்பது ஒரு பூக்கும் தாவரக் குடும்பம். அதில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து இங்கே ரெஸ்டியோ என்பார்கள். பார்த்தால் கோரை, நாணல் சாயல். ஆப்பிரிக்காவில் சுமார் 350 இனங்கள் உண்டு. அவற்றில் சில ட்ராகன்ஸ்பெர்க் மலைகளிலும் அதற்கு வடக்கேயும் இருக்கின்றன. மற்றவை எல்லாம் தென்னாப்பிரிக்காவின் இந்தத் தென்மேற்கு மூலையில், கேப் பகுதியில் மட்டும்தான். ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்தின் வேறு கிளைகள் வளர்கின்றன. நியூசிலாந்தில் கொஞ்சம், சிலியில் ஒன்று. கேப் பகுதியின் இயற்கைப் புதர்நிலத்துக்கு ஃபைன்போஸ் என்று பெயர். புரோட்டியா, எரிக்கா, ரெஸ்டியோ மூன்றும் அதன் முக்கியமான ஆட்கள். புரோட்டியா இல்லாத ஃபைன்போஸ் உண்டு. ரெஸ்டியோ இல்லாததைப் பார்ப்பது அரிது. ஆனாலும் சுற்றுலா வருபவர்கள் படம் எடுப்பது புரோட்டியாவைத்தான்.

அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது நாற்றுத்தட்டுகளைப் பார்த்துவிட்டு, "கோரையப் போயி காசு குடுத்து விதை வாங்கி வளக்கியேப்பா?" என்று கேட்டார். பத்தமடைப் பாய் நெய்யும் பக்கத்து ஆள் அவர். கோரையைப் பற்றி அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 1913-இல் தொடங்கிய பூங்கா அது; ரெஸ்டியோக்களைப் பெயர்ப்பலகையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பாதையில் உதிர்ந்து கிடந்த தண்டு ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். கோரையின் தண்டு மூன்று பட்டை, நடுவே கணு இருக்காது. இது உருண்டை, விறைப்பு, இடைவெளி விட்டு விட்டுக் கணு. ஒவ்வொரு கணுவிலும் பழுப்புக் காகிதத்தைச் சுற்றி ஒட்டியதுபோல் ஓர் உறை. "இலை எங்கப்பா?" என்றார். அந்த உறைதான் இலை. வளர்ந்த ரெஸ்டியோவில் இலை அவ்வளவுதான் மிச்சம். ஒளிச்சேர்க்கை வேலை முழுவதையும் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்கிறது. உறவுமுறையிலும் இது கோரையைவிடப் புல்லுக்குத்தான் நெருக்கம்.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்த இனம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டவை மூன்று. எலீஜியா டெக்டோரம்: கேப் சமவெளி மணலில், மழைக்காலத்தில் ஈரம் தேங்கும் இடங்களில் இயற்கையாக வளர்வது, ஒன்றரை மீட்டர் உயரம், விதையிலிருந்து வளர்க்க எளியது. எலீஜியா கேப்பென்சிஸ்: ஓடைக்கரைச் செடி, இரண்டு மீட்டருக்கு மேல் போகும், கணுக்களில் மெல்லிய கிளைகள் வட்டமாகக் கிளம்பிப் பஞ்சுத் திரள்போல் நிற்கும். மூன்றாவது தாம்னோகார்ட்டஸ் இன்சிக்னிஸ். ஆல்பர்ட்டீனியா, ரிவர்ஸ்டேல் பக்கத்துத் தென்கடலோர மணலில் வளர்வது. கேப் டச்சுப் பாணி வீடுகளின் கூரை இதில்தான் வேய்கிறார்கள். ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் தெக்ரீட். இன்றைக்கும் அந்த ஊர்களில் இதை அறுத்துக் கட்டுக்கட்டாக அனுப்புவது பெரிய தொழில்.

விதையைக் காட்டிலிருந்து பறித்துவரக் கூடாது. உரிமமும் நிலத்துக்காரர் அனுமதியும் வேண்டும். ஃபைன்போஸ் விதை விற்கும் கடையில் வாங்குவதே நல்லது. வாங்கும்போது அறுவடை செய்த ஆண்டைக் கேளுங்கள். எலீஜியா விதை மிகப் பொடியானது, கறுப்பு மிளகுத்தூள் சிந்தியதுபோல் கிடக்கும். தாம்னோகார்ட்டஸ் விதையைச் சுற்றிச் சிறகுபோல் மெல்லிய சவ்வு இருக்கும், ஊதினால் பறக்கும். பொட்டலத்தில் பாதிக்குமேல் பதராக இருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளைத்தாளில் கொட்டி, தாளைச் சாய்த்து மெதுவாகத் தட்டினால் கனமான விதை கீழே உருளும், பதர் மேலேயே நிற்கும். தாம்னோகார்ட்டஸில் சிறகு தடுப்பதால் இந்த வித்தை பலிக்காது; விரல்நுனியில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது புகை. இதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபைன்போஸ் எரிந்து எரிந்து தழைக்கும் நிலம். தீ ஓடிய பிறகு மேலே நிழல் இல்லை, போட்டி இல்லை, சாம்பலில் கொஞ்சம் சத்து இருக்கிறது. விதை முளைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. தீ வந்து போனதை மண்ணுக்குள் கிடக்கும் விதை எப்படித் தெரிந்துகொள்கிறது? வெப்பம்தான் காரணம் என்று பலகாலம் நினைத்தார்கள். 1990-இல் டி லாங்க, பௌச்சர் என்ற இரு தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஆடுயினியா காப்பிட்டாட்டா என்ற அரிய ஃபைன்போஸ் செடியின் விதைகளைப் புகையால் முளைக்கச் செய்து காட்டினார்கள். அப்புறம் கிர்ஸ்டன்பாஷில் நெவில் பிரௌனும் அவரோடு வேலை செய்தவர்களும் பல ஃபைன்போஸ் செடிகளுக்கு இதைச் சோதித்தார்கள். 1994-இல் ரெஸ்டியோ குடும்பத்துக்கான முடிவுகள் வெளியாயின. சோதித்த இனங்களில் பெரும்பாலானவை புகைக்கு இணங்கின. 2004-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்றும் தென்னாப்பிரிக்கக் குழு ஒன்றும் புகையில் இந்த வேலையைச் செய்யும் வேதிப்பொருளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. செடியின் நார்ப்பொருள் எரியும்போது உண்டாகும் சேர்மம் அது. தண்ணீரில் கரைந்து மழையோடு மண்ணுக்குள் இறங்குகிறது. மிகமிகச் சிறிய அளவே போதும். அதற்கு முன் ரெஸ்டியோ விதை போட்டவர்களுக்குத் தட்டு தட்டாக ஏமாற்றம்தான். நர்சரிகளில் ரெஸ்டியோ எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதே இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான்.

வீட்டில் செய்ய மூன்று வழிகள். மூன்றையும் செய்து பார்த்தேன்.

எளிய வழி, கடையில் கிடைக்கும் புகையூட்டிய காகித வில்லை. புகைச்சாற்றில் ஊறவைத்து உலர்த்திய தாள் அது. 50 மில்லி தண்ணீரில் வில்லையைப் போட்டு, விதையையும் அதிலேயே போட்டு 24 மணி நேரம் ஊறவிட்டு விதைக்கலாம். ஒரு பொட்டலம் விதைதான் இருக்கிறது என்றால் இதுவே போதும். பொடி விதை ஈரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு பாடுபடுத்தும். காபி வடிதாளில் வடித்து, அரை நாள் நிழலில் உலரவிட்டு, உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும்.

இரண்டாவது, புகைக்கூடாரம். தகர டின்னில் அடியோரமாக ஒரு காற்றுத் துளையும் மேலே ஒரு குழாயும். குழாய் நீளமாக இருக்க வேண்டும். புகை ஆறித்தான் விதைத்தட்டுக்கு வர வேண்டும், சூடு வேண்டாம். தட்டுகளில் முதலில் விதைத்துவிட்டு, அவற்றின் மேல் பிளாஸ்டிக் விரிப்பால் தாழ்வான கூடாரம் கட்டி, குழாயை அதற்குள் விட்டேன். டின்னில் காய்ந்த புல், சருகு, அதன்மேல் பச்சைக் கிளைகள். பச்சை இருந்தால்தான் தீ எழும்பாமல் வெண்புகை கனமாக வரும். ஒரு மணி நேரம் போல் புகை நின்றால் போதும். காற்றில்லாத மாலை, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை, கையெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர் மூன்றும் அவசியம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி பிராய், அதாவது கறி சுடும் அடுப்பு, என்று நினைத்து, "கறி எப்போ ரெடி?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் நின்று கடைசிவரை பார்த்தார். இன்றைக்கு அவர் வாசலிலும் மூன்று எலீஜியா நிற்கிறது.

புகையூட்டிய பிறகு ஒரு விஷயத்தில் கவனம். புகையின் சத்து மணலின் மேற்பரப்பில் படிந்திருக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்து அடித்தால் அத்தனையும் தட்டின் அடித்துளை வழியே போய்விடும். முதல் சில நாட்கள் தெளிப்பானால் மட்டும், மேல்மணல் நனையும் அளவுக்கு.

மூன்றாவது வழி புகைத்தண்ணீர். அதே டின்னின் குழாயை ஒரு ஜாடித் தண்ணீருக்குள் விட்டு, மீன்தொட்டிப் பம்பினால் டின்னுக்குள் காற்றைச் செலுத்தினால், புகை தண்ணீர் வழியாகக் கொப்பளித்து வெளியேறும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதன் வீரியம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகமானால் அதுவே முளைப்பைத் தடுக்கும். ஆய்வகங்களில் இதற்கு 'கிராண்ட் ராப்பிட்ஸ்' ரக லெட்டூஸ் விதையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆனால் புகைத்தண்ணீர் பட்டால் இருட்டிலும் முளைக்கும். நானும் சிறு தட்டுகளில் ஈரத்தாள் விரித்து, ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் நேரடிப் புகைத்தண்ணீர், மற்றவற்றில் பத்துக்கு ஒன்று, நூற்றுக்கு ஒன்று என்று கலந்து, கறுப்புத் துணி சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். திறந்தபோது நேரடிச் சாற்றில் இருந்த விதைகள் அப்படியே கிடந்தன. வெறும் தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றும். நூற்றுக்கு ஒன்று கலந்த தட்டில் வெள்ளை வேர்கள் தாளைக் கவ்விப் பிடித்திருந்தன. புகைத்தண்ணீர் தயாரிப்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்து பாருங்கள். விலை உயர்ந்த விதையை வீணாக்க மாட்டீர்கள். ஒரு புகை ஒரு விதையை என்ன செய்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்த திருப்தி வேறு.

விதைக்கும் காலம் மார்ச் கடைசி, ஏப்ரல். தென்கோளத்தில் அது இலையுதிர்காலம். பகலில் இருபது, இருபத்தைந்து டிகிரி இருந்து இரவில் பத்து டிகிரி பக்கம் இறங்க வேண்டும். இந்த இறக்கமும் விதைக்கு ஒரு தகவல்: கோடை முடிந்தது, மழை வரப்போகிறது. ஆகவே தட்டுகளை வீட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்துப் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டாம். காலை வெயில் விழும், இரவுக் குளிர் இறங்கும் திறந்த இடமே சரி.

கலவை: கழுவிய பருமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிச் சலித்த பைன் பட்டை ஒரு பங்கு. சாணம், கோழியெரு எதுவும் கூடாது. தட்டு ஆழமாக, குறைந்தது பத்து சென்டிமீட்டராவது இருக்கட்டும். மேலே தெரிவதைவிட வேர் வேகமாகப் போகிறது. விதைத்தபின் மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமணல், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து எட்டிப் பார்க்கும். குனிந்து, மணலோடு கண் சமமாக இருக்கும்படி பார்த்தால்தான் தெரியும்: தலைமுடியைவிட மெல்லிய பச்சை இழை, நுனி லேசாக வளைந்து. பாசியோ என்று தோன்றும். ஆறு வாரம்வரை வந்துகொண்டே இருக்கும். எதுவும் வராத தட்டைக் கொட்டிவிடாதீர்கள். காயவிட்டு ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடி நனைத்தால் சில விதைகள் அப்போது முளைக்கும்.

இந்த நிலையில் பெரிய எதிரி நாற்றழுகல் பூஞ்சை. மாலையில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திக் காலையில் மட்டும் தெளிப்பது, நெருக்கமாக விதைக்காமல் இருப்பது, காற்றோட்டம் – இவை மூன்றும் மருந்தைவிட நன்றாக வேலை செய்தன.

நாற்று ஐந்து சென்டிமீட்டர் உயரம் வந்து, அடியில் இரண்டு மூன்று புதுத் தளிர் விட்டதும் பைக்கு மாற்றலாம். கரண்டிக் காம்பை ஆழமாக இறக்கி மண்ணோடு தூக்க வேண்டும். தூக்கும்போது வேரைப் பாருங்கள், தொட வேண்டாம். வேரைச் சுற்றி மணல் ஓர் உறைபோல் ஒட்டியிருக்கும், உதறினாலும் விழாது. வேர் முழுக்க அடர்த்தியான மயிரிழைகள். ஒவ்வொரு மணலையும் அவை பிடித்து வைத்திருக்கின்றன. சத்தே இல்லாத மணலிலிருந்து இருப்பதைச் சுரண்டி எடுக்க இந்தக் குடும்பத்துக்கு அமைந்த வேர் அது. அதைக் கழுவினாலோ பிரித்தாலோ நாற்று போய்விடும். வளர்ந்த செடியைத் தோண்டி இடம் மாற்றுவதும் இதே காரணத்தால் பெரும்பாலும் தோல்விதான். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே முதலில் நட வேண்டும்.

நாற்று பையில் வளரும் காலத்தில் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். உடம்பை வாங்கிய வேலை அதுதான். கிக்குயூ கிழக்கு ஆப்பிரிக்கப் புல். மேலே செத்ததுபோல் இருக்கும், அடியில் வெள்ளைக் கிழங்குத்தண்டு உயிரோடு இருக்கும். ஒரு விரல்நீளத் துண்டு மிஞ்சினாலும் ரெஸ்டியோ தூருக்கு நடுவில் புகுந்துவிடும். அதன் பிறகு பிரிக்கவே முடியாது. மண்வெட்டியால் கொத்துவது துண்டுகளைப் பெருக்கும். முள்கரண்டியால் கிளறி, கையால் இழுத்து, மணலைச் சல்லடையில் சலித்து எடுத்தேன். நல்லவேளை மணல், களிமண்ணாக இருந்தால் இது நடக்காது. மறுபடி துளிர்த்தவற்றை வாரம் தவறாமல் பிடுங்கினேன். களைக்கொல்லி அடித்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். சலித்த மணலில் கறுப்பு வண்டுகளும் மண்புழுவும் நெளிந்ததைப் பார்த்தபின் எனக்கு அது வேண்டாமென்று ஆயிற்று.

மண்ணில் எதையும் சேர்க்கவில்லை. இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். நம் ஊர்ப் பழக்கத்தில் குழிக்கு எரு போடாமல் செடி வைப்பதே பாவம். ஆனால் கேப் மணற்பாறை மண்ணில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. இங்குள்ள செடிகள் கிடைப்பதையெல்லாம் உறிஞ்சும்படியே பழகியவை, உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாது. பாஸ்பேட் உரம் போட்டால் புரோட்டியாக்கள் நஞ்சேறிச் சாவது எல்லா நர்சரிக்காரர்களுக்கும் தெரிந்த கதை. ரெஸ்டியோவுக்கும் அதே கண்டிப்போடு நடந்துகொண்டேன். துணி துவைத்த தண்ணீரையும் இந்தப் பாத்திக்கு விடவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஊரே அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றியது; எலுமிச்சைக்கு அது சரி. சோப்புத்தூளின் உப்பும் பாஸ்பேட்டும் ரெஸ்டியோ வேருக்கு ஆகாது.

நட்டது மே மாதம், முதல் நல்ல மழை மண்ணை நனைத்த பிறகு. குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, தூர் பையில் இருந்த அதே மட்டத்தில். எலீஜியா டெக்டோரத்துக்கு ஒரு மீட்டர் இடைவெளி, தாம்னோகார்ட்டஸுக்கு ஒன்றரை. ஓடைச் செடியான கேப்பென்சிஸைக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயடியில் வைத்தேன், குளிர்காலம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம். நட்டவுடன் தூரைச் சுற்றிக் கல் வைத்து அமுக்கினேன். கோடையில் இங்கே வீசும் தென்கிழக்குக் காற்று சாதாரணமானது இல்லை. வளர்ந்த தண்டு அதில் வளைந்து நிமிரும், ஒன்றும் ஆகாது. இளஞ்செடி மட்டும் அடியோடு ஆடி ஆடி வேர்ப்பிடி விட்டுவிடும்.

முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். இரண்டாவது கோடையில் கடும் வெயில் நாட்களுக்கு மட்டும். அப்புறம் டெக்டோரமும் தாம்னோகார்ட்டஸும் மழையை நம்பியே நிற்கின்றன. குழாயடிச் செடிக்கு மட்டும் கோடையிலும் ஈரம் வேண்டும், அது அதன் பிறவிக் குணம்.

வளரும் விதம் பழகக் கொஞ்ச நாளாகும். ஒரு தண்டு ஒருமுறைதான் வளரும். தன் உயரத்தை எட்டியபின் நீளாது. நுனியை வெட்டினால் வெட்டியபடியே நிற்கும். செடி பெரிதாவது அடுத்த தளிர்வரிசையால். அடிக்கிழங்கிலிருந்து ஈட்டிமுனை மாதிரி புதுத் தளிர்கள் உறை போர்த்திக்கொண்டு எழும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட உயரமும் தடிமனும் கூடி வரும். டெக்டோரத்தில் தண்டு முற்றும்போது அந்தப் பழுப்பு உறைகள் கழன்று விழுந்துவிடும். உறை இருந்த இடத்தில் கணுவைச் சுற்றிக் கருத்த வளையம் ஒன்று நிற்கும். பச்சைத் தண்டில் கறுப்பு வளையம் – இந்தச் செடியின் அழகே அதுதான் என்பேன். தாம்னோகார்ட்டஸில் உறை விழாது, கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே வேலிச்செடியை வெட்டுவதுபோல் மேலே சமமாக வெட்டக் கூடாது. தோட்டக்காரர்களை வைத்து வேலை வாங்குபவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாலையோரப் பூங்காக்களில் தட்டையாக மொட்டையடித்த ரெஸ்டியோக்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டு மூன்று வயதாகிச் சாம்பல் நிறமான தண்டுகளை மட்டும் தேர்ந்து, தரையோடு அறுக்க வேண்டும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். காட்டில் சில இனங்கள் தீக்குப்பின் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். சில இனங்கள் தீயில் செத்து, விதையிலிருந்து மட்டுமே திரும்பும். இரண்டாம் வகையை முழுதாக அறுத்துவிட்டால் அதோடு முடிந்தது. அறுத்த தண்டுகளைச் சிறுசிறு கட்டாகக் கட்டித் தூரைச் சுற்றியே பரப்புகிறேன். மெதுவாக மக்கும், ஈரம் காக்கும், எடுத்த சத்து அதே மணலுக்குத் திரும்பும்.

இரண்டு மூன்று வயதில் பூக்கும். அப்போதுதான் ஆணா பெண்ணா என்று தெரியும். ரெஸ்டியோவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. நாற்றில் அடையாளம் எதுவும் இல்லை; அதனால் விதை வேண்டுமென்றால் ஒவ்வோர் இனத்திலும் பல செடிகள் நட வேண்டும். மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது, வண்ணமோ தேனோ தேவைப்படவில்லை, எல்லாம் பழுப்புப் பூ. தாம்னோகார்ட்டஸில் ஆண்பூக்கொத்துகள் தொங்கும், பெண்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும்; முதன்முதலில் பார்ப்பவர்கள் இரண்டையும் வேறுவேறு செடி என்றே நினைப்பார்கள். எலீஜியா டெக்டோரத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது, கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஆண்செடியின் நுனியைக் காலையில் சுண்டினால் மஞ்சள் தூசி பறக்கும்.

இன்னும் எனக்குக் கைகூடாதவை கொட்டை போன்ற பெரிய விதை உள்ள கேனோமோய்ஸ், வில்டெனோவியா வகைகள். புகை மட்டும் அவற்றுக்குப் போதவில்லை. காட்டில் அந்த விதைகளில் பலவற்றை எறும்புகள் இழுத்துப்போய்ப் புதைக்கின்றன. அவற்றின் உறவுக்காரச் செடியான செரட்டோகேரியம் அர்ஜென்டியம் செய்வது இன்னும் விசேஷம். அதன் உருண்டைப் பழுப்பு விதை மான்புழுக்கை மாதிரியே இருக்கும், வாசனையும் அதே. டி ஹூப் காப்பகத்தில் சாணிவண்டுகள் அவற்றைப் புழுக்கை என்று நம்பி உருட்டிப்போய் மண்ணில் புதைப்பதை 2015-இல் கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். வண்டுக்கு உள்ளே தின்ன ஒன்றும் இல்லை, முட்டையிடவும் வழியில்லை. செடிக்கு மட்டும் லாபம். இதைப் படித்தபின் அந்த மணலுக்குள் இன்னும் என்னென்ன ஏற்பாடு இருக்குமோ என்ற வியப்பு எனக்குத் தீரவில்லை. கேனோமோய்ஸ் விதைகளை இந்த முறை ஆழமாகப் புதைத்து, கோடை வெயிலின் சூடும் அப்புறம் புகையும் இரண்டும் படும்படி வெளியிலேயே விட்டிருக்கிறேன்.

விதை இப்போது என் செடிகளிலேயே விளைகிறது. கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். எலீஜியா டெக்டோரத்தைச் சமவெளிப் பக்கம் யார் கேட்டாலும் தருவேன். அது இந்த மணலின் சொந்தக்காரி. இந்தச் சமவெளியின் மணல் ஃபைன்போஸில் பெரும்பகுதி வீடும் சாலையுமாகிவிட்டது. மிஞ்சிய துண்டுகளில் ஒன்றான டோக்காய் பூங்காவில் பைன் மரங்களை அகற்றிய நிலத்தில் அதை மீட்கும் வேலை நடக்கிறது. தாம்னோகார்ட்டஸில் மட்டும் நான் கை இறுக்கம். அது தென்கடலோரத்துச் செடி, கேப் டவுனின் டேபிள் மலைப் பக்கம் இயற்கையில் கிடையாது, விதையோ சிறகோடு காற்றில் போகும். காப்புநிலத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் கேட்டால் டெக்டோரத்தையே தருகிறேன். என் வீட்டில் நிற்கும் தாம்னோகார்ட்டஸ் பெண்செடிகளின் கொத்துகளை விதை முற்றுமுன் அறுத்துவிடுகிறேன்; அடுத்த நடவுக்கு வேண்டிய கொஞ்சத்தைத் துணிப்பை கட்டி எடுத்துக்கொள்வதோடு சரி.